நாலு நாற்பதுக்கு வரவேண்டிய விமானம்

அந்த விமானப் பயிற்சித் தளத்தில் ஐம்பது ஆண்டுகளாக ஒரு விபத்தும் நடந்ததில்லை. வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை, நுழைவாயிலில் கருங்கல்லில் செதுக்கியே வைத்திருக்கிறார்கள். கல்லில் ஏறிவிட்ட பிறகு எந்த விபத்துக்கும் அங்கே நடக்கத் துணிச்சல் வரவில்லை.

முதலில் ஒரு போருக்காகத்தான் அதைக் கட்டினார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தொண்ணூறே நாளில் கட்டி முடித்தார்கள். தொண்ணூற்றோராம் நாள் போர் முடிந்துவிட்டது. புத்தம்புது ஓடுதளத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று மேலிடம் ஆறு மாதம் யோசித்தது. இடிக்க மனம் வரவில்லை. பயிற்சித் தளம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பயிற்சிக்குத்தான் முடிவென்று ஒன்று கிடையாதே, அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அங்கே முப்பத்தாறு வருடம் வேலை பார்த்த மெக்கானிக் ஒருவர், அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெற வேண்டியிருந்தது. இடது கையால் வேலை செய்கிறவர் என்பதால் அவருக்குப் பீச்சாங்கை என்று பெயர் விழுந்திருந்தது. விமானத்தில் ஒவ்வொரு நட்டும் அதிர்வில் கழன்றுவிடாமல் இருக்க, மெல்லிய எஃகுக் கம்பியைக் கோத்து முறுக்கிப் பூட்டுவார்கள். எல்லாருடைய முறுக்கும் வலப்பக்கம் சுற்றும். அவருடையது மட்டும் இடப்பக்கம் சுற்றும். கம்பியைப் பார்த்த மாத்திரத்தில் இது பீச்சாங்கை பூட்டியது என்று விமானக் கொட்டகை முழுக்கச் சொல்லிவிடும். சேர்ந்த புதிதில் இதற்காகத் திட்டு வாங்கினார். பிறகு திட்டுகிறவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள்.

ஓய்வு பெறுவதற்கு ஒரு விடுவிப்புச் சீட்டு உண்டு. அதில் பதினான்கு பிரிவுகள் கையெழுத்துப் போட வேண்டும். நூலகத்தில் அவர் ஒரு புத்தகமும் எடுத்ததில்லை. இருந்தாலும் நூலகர் அவருடைய கக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திட்டார். இசைக்குழு, அவரிடம் முரசு எதுவும் இல்லை என்று சான்று கொடுத்தது. பல் மருத்துவப் பிரிவு, சேரும்போது இருந்த பற்களோடு இப்போதிருப்பதை ஒத்துப் பார்த்து, குறைந்த நான்கையும் இயற்கைத் தேய்மானம் என்று எழுதி விடுவித்தது. பதினான்காவது பிரிவு விமானப் பதிவேடு.

பதிவேட்டுக்காரர் ஒல்லியான மனிதர். வாழ்நாளில் ஒரு வரியையும் அடித்து எழுதியதில்லை என்பது அவருக்குப் பெருமை. சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். பெரிய பதிவேட்டைத் திறந்து ஒரு வரியில் விரலை வைத்தார்.

"உங்க பேர்ல ஒரு விமானம் நிக்குதே."

"ஏழு-நாலு தானே சார். தெனமும் வந்து அதுக்குத்தானே கையெழுத்துப் போடறேன். இனிமே வேற யார்கிட்டயாவது ஒப்படைச்சிடுங்க."

"யார்கிட்ட ஒப்படைக்கறது? விதி பதினொண்ணு என்ன சொல்லுது? விமானத்தை அனுப்பியவரே பெற்றுக்கொள்ள வேண்டும். நாலு மணிக்கு அனுப்பினீங்க. நாலு நாப்பதுக்கு வாங்கணும். இன்னும் வாங்கல."

"சார், அது போய் இருபத்தேழு வருஷம் ஆச்சு."

"தெரியும். தாமதம்தான்," என்றார் பதிவேட்டுக்காரர், ரயில் பத்து நிமிடம் பிந்தியதைச் சொல்வதுபோல. "வந்து சேரட்டும். வாங்கிக்கிட்டு நிம்மதியா ஓய்வு எடுங்க."

இருபத்தேழு வருடங்களுக்கு முன் அந்த நாள் ஒரு மாதக் கடைசி. தளத்தின் மாதப் பறப்பு நேரத்தில் நாற்பது நிமிடம் குறைந்தது. மேற்கே வானம் சட்டியின் அடிபோலக் கறுத்துக்கிடந்தது. அப்போதிருந்த தளபதி மேகத்தைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், காலண்டர் பக்கம் சாய்ந்தார். பயிற்சி விமானிகளில் அப்போது கையில் கிடைத்தவன் இருபது வயதுப் பையன் ஒருவன். தனியாகப் பறக்க ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஏழு-நான்கில் ஏறும்போது, சக்கரத்துக்கு முன்னால் வைத்த கட்டையை எடுத்துக்கொண்டிருந்த மெக்கானிக்கைக் குனிந்து பார்த்தான்.

"அண்ணே, டீ சொல்லி வைங்க. ஆறறதுக்குள்ள வந்துடறேன்."

டீ சொன்னார். வந்தது, ஆறியது, ஆடை படிந்தது. நாலு நாற்பதும் ஆனது. விமானம் வரவில்லை.

அன்று மாலை தளபதியின் முன்னால் பதிவேடு திறந்து வைக்கப்பட்டது. எழுதுவதற்கு இரண்டே சொற்கள் இருந்தன: விபத்து, தாமதம். விபத்து என்று எழுதினால் வாசலில் இருக்கிற கல்லை மாற்ற வேண்டும். தாமதம் என்று எழுதினால் எதையும் மாற்ற வேண்டாம். தளபதி தாமதம் என்று எழுதினார். தேடிப் பார்க்கலாமா என்று யாரோ கேட்டதற்கு, "தேடினா தொலைஞ்சுபோச்சுன்னு நாமே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும்" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மற்றதெல்லாம் தன்போக்கில் நடந்தது. தளத்தில் விதிகள் தண்டவாளம் மாதிரி. ஒருமுறை ஏற்றிவிட்டால் யாரும் தள்ள வேண்டியதில்லை. பையன் இறங்கவில்லை, எனவே பறந்துகொண்டிருக்கிறான். பறந்துகொண்டிருப்பதால் அவனுடைய பறப்பு நேரம் கூடிக்கொண்டே போனது. இப்போது இரண்டு லட்சத்து முப்பத்தாறாயிரம் மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. உலகத்தில் எந்த விமானியும் அதன் பக்கத்தில் வர முடியாது. நான்குமுறை பதவி உயர்வு கொடுத்தார்கள். விடுதியில் அவன் கட்டிலுக்கு வாரம் ஒருமுறை விரிப்பு மாற்றினார்கள். அழுக்குப்படாத விரிப்பைத் துவைத்துத் துவைத்தே கிழித்த சலவைக்காரர் ஒருவர், அந்தப் பொறுப்பிலேயே ஓய்வும் பெற்றுப் போனார். விதி இருபது வேறு இருந்தது: தளத்திலிருந்து கிளம்பிய விமானம் வானத்தில் இருக்கும்வரை தளத்தை மூடக் கூடாது. பக்கத்துத் தளங்களை எல்லாம் ஒவ்வொன்றாக மூடிய மேலிடம் இங்கே வந்து மூன்று தடவை பார்த்துவிட்டு, ஏழு-நான்கு இன்னும் வானத்தில் இருப்பதைப் பதிவேட்டில் படித்துவிட்டுத் திரும்பிப் போனது. வாரத்துக்கு ஆறு விமானம்கூடப் பறக்காத அந்த இடத்தில் நானூறு பேர் வேலை பார்த்தார்கள். அத்தனை பேரையும் அந்தப் பையன் ஒருவன்தான் மேலேயிருந்து தாங்கிக்கொண்டிருந்தான்.

தினமும் நாலு நாற்பதுக்குக் கோபுரத்திலிருந்து ஒலிபெருக்கி கூப்பிடும். "ஏழு-நான்கு, ஏழு-நான்கு, தரையிறங்க அனுமதி." முதலில் இருந்த கோபுரத்துக்காரர் போய், அடுத்தவர் போய், இப்போதிருப்பவர் மூன்றாமவர். பையனை அவர் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் வர வர அவர் குரல், விளையாடப் போன பிள்ளையை வாசலில் நின்று கூப்பிடுகிற குரலாக மாறிவிட்டது. ஐந்து நிமிட இடைவெளியில் நாலு நாற்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் மறுபடி கூப்பிடுவார். பிறகு 'பதில்' என்ற இடத்தில், 'எதிர்பார்க்கப்படுகிறது' என்று எழுதுவார்.

மெக்கானிக் இரண்டு கைகளிலும் சக்கரக் கட்டைகளை வைத்துக்கொண்டு ஓடுதளத்தின் ஓரத்தில் நிற்பார். பதிவேடு வரும். 'வரவில்லை' என்று எழுதிக் கையெழுத்திடுவார். சில நாட்களில், காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது, அவருக்கு இன்ஜின் சத்தம் கேட்கும். ஏழு-நான்கின் மூன்றாவது சிலிண்டரில் ஒரு சின்ன இருமல் உண்டு. அந்த இருமலோடு கேட்கும். தலையை நிமிர்த்திப் பார்ப்பார். பதிவேட்டுக்காரரும் நிமிர்ந்து பார்ப்பார். கோபுரத்துக் கண்ணாடிக்குள் ஒரு தலை மேற்கே திரும்பும். பிறகு யாரும் யாரிடமும் எதுவும் கேட்டுக்கொள்ள மாட்டார்கள். சத்தம் மட்டும் வந்தால் எழுதுவதற்குப் பதிவேட்டில் இடமில்லை.

மெக்கானிக்கைப் பிடித்து ஆட்டியது அந்தச் சத்தம்கூட இல்லை. அன்றைக்குக் காலையில் ஏழு-நான்கின் வாலில், சுக்கானை இழுக்கிற கம்பியின் நட்டை அவர்தான் கழற்றி மாட்டினார். பூட்டுக்கம்பியைக் கோத்தார். அப்போது சாப்பாட்டு மணி அடித்தது. முறுக்கினாரா? முறுக்கிவிட்டு எழுந்தாரா, அல்லது வந்து முறுக்கிக்கொள்ளலாம் என்று எழுந்தாரா? கை முறுக்கியதாகச் சொல்லும், மனம் இல்லையென்று சொல்லும். இருபத்தேழு வருடமாக இந்த வழக்கு அவருக்குள் நடந்துகொண்டிருந்தது. வெளியே நடத்தச் சொல்லி மூன்று தடவை எழுதிக் கொடுத்தார்: ஐயா, என்னை விசாரியுங்கள், தப்பு என்மேல் என்றால் தண்டியுங்கள். மூன்று தடவையும் ஒரே பதில் வந்தது. 'விபத்து நடக்காத நிலையில் விசாரணைக்கு இடமில்லை. மனுதாரரின் ஆர்வம் பாராட்டத்தக்கது.' மூன்றாவது தடவை ஒரு பாராட்டுச் சான்றிதழும் கூடவே வந்தது. அதை வாங்கிக்கொண்டு கழிப்பறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டு அழுதார்.

விடுவிப்புச் சீட்டு கிடைக்காமல் அன்று வீட்டுக்கு வந்தார். வீட்டில் அவிழ்க்கிற மாதிரி ஒரு பொருள் கிடையாது. வாசல் கதவின் கொண்டி, மின்விசிறி, குக்கரின் கைப்பிடி, மனைவியின் மூக்குக் கண்ணாடி, எல்லாவற்றிலும் பூட்டுக்கம்பி முறுக்கியிருக்கும், இடப்பக்கமாக.

"என்னங்க, சீட்டு குடுத்தாங்களா?"

"இல்ல. விமானம் வரணுமாம்."

மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தார். தண்ணீரை வடித்துவிட்டுத் திரும்பினார். "கல்யாணமாகி முப்பது வருஷமாச்சு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு முன்னாடி ஒரு நாள் இந்த வீட்ல இருந்திருப்பீங்களா? உங்க தங்கச்சி கல்யாணத்துல தாலி கட்டறப்பகூட கட்டையைத் தூக்கிக்கிட்டு அங்கதான் போய் நின்னீங்க."

"நான் முறுக்கினேனா இல்லையான்னு தெரிஞ்சா போதும்மா. வேற ஒண்ணும் வேணாம்."

"முறுக்கியிருப்பீங்க. பாருங்க, என் கண்ணாடியையே விட்டு வைக்கல," என்றார் மனைவி. சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் தளபதியைப் பார்க்கப் போனார். இப்போதிருக்கும் தளபதி பொன்விழா ஏற்பாடுகளில் மூழ்கியிருந்தார். மேசைமேல் விழா மலரின் அச்சுப்படி கிடந்தது. அட்டையில் ஏழு-நான்கின் படம். அதன் கீழே 'ஓயாத சிறகு' என்று எழுதியிருந்தது.

"உக்காருங்க பீச்சாங்கை. உங்களை மாதிரி பழைய ஆளுங்களைப் பாத்தாத்தான் எனக்கே ஒரு உற்சாகம். நிறைய பேர் கேக்கறாங்க, ஒரு பயிற்சித் தளத்தோட வேலை என்னன்னு. விமானிங்களை உருவாக்கறதுன்னு நெனைக்கறாங்க. தப்பு! விமானிங்க வருவாங்க, போவாங்க. தளத்தோட வேலை, தளமா இருக்கறது. அதை இந்த ஐம்பது வருஷத்துல நாம ஒரு நாள்கூட நிறுத்தல."

"ஐயா, எனக்கு அறுபது வயசாச்சு. கால் வலிக்குது. என்னை விட்டுடுங்க."

"விட முடியாது, ஆனா ஒரு வசதி பண்ணித் தரேன். நாற்காலி போட்டுக்கலாம். ஏழு-நாலு எறங்கற வரைக்கும் பணி நீட்டிப்பு."

"நான் செத்துப்போனா?"

தளபதிக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. அதற்கும் விதி இருந்தது. "அனுப்பியவர் இல்லாதபட்சத்துல வாரிசு வாங்கிக்கலாம். உங்களுக்கு ஒரு பொண்ணு இருக்கில்ல?"

மகள் வெளியூரில் கணக்கு டீச்சராக இருந்தாள். அவள் இரண்டு கைகளிலும் கட்டைகளோடு ஓடுதளத்தின் ஓரத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவர் கண்ணில் வந்து போனது. எழுந்து வணக்கம் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

பொன்விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது தண்ணீர் கைவிட்டது. மூன்று வருடமாக மழை சரியில்லை. தளத்துக்கு மேற்கே பதினோரு கிலோமீட்டரில் இருந்த நீர்த்தேக்கம் வற்றி வற்றிக் கடைசியில் அடிச்சேறு தெரிந்தது. சேற்றிலிருந்து ஒரு விமானத்தின் வால் நீட்டிக்கொண்டிருப்பதை மீன்பிடிக்கிறவர்கள் பார்த்தார்கள். பார்த்ததைத் தெரியாத்தனமாகத் தளத்தில் வந்து சொன்னார்கள்.

ஒரு மணி நேரத்தில் குழு அமைக்கப்பட்டது. அதன் பெயர் 'அடையாளமின்மை உறுதிப்படுத்தும் குழு'. முடிவறிக்கையை வசதிக்காக முன்கூட்டியே தட்டச்சு செய்துவிட்டார்கள். தளபதி, நான்கு அதிகாரிகள், தொழில்நுட்பச் சாட்சியாக மெக்கானிக். 'இது நான் அனுப்பிய விமானம் அல்ல' என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். நாலு நாற்பதுக்குள் திரும்ப முடியாது என்பதால் பதிவேட்டுக்காரரும் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். மெக்கானிக் கட்டைகளை எடுத்துக்கொண்டார்.

வெடித்த சேறு கண்ணுக்கெட்டிய தூரம் காய்ந்து கிடந்தது. நடுவில் மட்டும் கொஞ்சம் ஈரம். அங்கே ஏழு-நான்கு லேசாக மூக்கைத் தாழ்த்தி உட்கார்ந்திருந்தது. ஒரு இறக்கை சேற்றுக்குள் இருந்தது. இன்னொன்று சேற்றுக்கு மேலே மேசைபோல நீண்டிருந்தது. விமானி அறையின் கண்ணாடி மூடியபடியே இருந்தது. அதன்மேல் சேறு பூசியிருந்ததால் உள்ளே எதுவும் தெரியவில்லை. அதை யாரும் துடைத்துவிடக் கூடாதே என்று குழு மிகுந்த கவனத்தோடு நின்றது.

வாலில் 7, 4 என்ற இலக்கங்கள் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன.

"ஏழு தெரியுது, நாலும் தெரியுது," என்றார் தளபதி. "ஆனா ரெண்டுக்கும் நடுவுல சேறு இருக்கே. நடுவுல இன்னொரு நம்பர் இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

"மேலும், நம்ம ஏழு-நாலு வானத்துல இருக்கு," என்றார் ஓர் அதிகாரி. "ஒரே விமானம் ரெண்டு இடத்துல இருக்க முடியாது. அறிவியல்படி இது வேற."

குழு தலையாட்டியது. மெக்கானிக் அவர்கள் பேசியது எதையும் கேட்கவில்லை. அவர் வாலருகே போய் மண்டியிட்டிருந்தார். பக்கவாட்டில் தகடு ஒன்று துருவேறிப் பெயர்ந்திருந்தது. கையை உள்ளே விட்டார். இடது கை. சேற்றைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். நட்டு விரலில் தட்டியது. அதன்மேல் மெல்லியதாக ஏதோ நெருடியது. கர்ச்சீப்பால் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

பூட்டுக்கம்பி முறுக்கியிருந்தது. இடப்பக்கமாக, ஒழுங்காக, நுனியை மடித்து. இருபத்தேழு வருடத் தண்ணீருக்கும் அது அசையவில்லை.

அவருக்கு மூச்சு வந்தது. அத்தனை வருடமாக முழுசாக மூச்சுவிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது, கத்த வேண்டும்போல அப்படியொரு சந்தோஷம். நிமிர்ந்தால் எதிரே ஒரு பெண், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால்வரை சேறோடு நின்றிருந்தார். பையனின் அக்கா. அவரைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டதற்காக மெக்கானிக்குக்குக் கூசிப்போனது. பையன் பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கிறான். இவர் தன் கம்பியைப் பார்த்துப் பூரித்துப்போய் நிற்கிறார்.

அக்காவுக்குத் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலை. வருடத்துக்கு ஒருமுறை பார்வையாளர் நாளில் தளத்துக்கு வருவார். உட்காரவைத்து, தம்பி பறந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லி அனுப்பிவைப்பார்கள். மாதாமாதம் தளத்திலிருந்து வீட்டுக்கு ஓர் அட்டை போகும். 'பயிற்சி நல்ல முறையில் நடைபெறுகிறது. ஒழுக்கம்: மிக நன்று. விடுப்பு எதுவும் எடுக்கவில்லை.' அவருடைய அம்மா அந்த அட்டைகளைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார். மீன்காரர்கள் பார்த்த விஷயம் தபால்காரர்கள் வாய்வழியாக அன்று காலையில்தான் அக்காவின் காதுக்கு வந்திருந்தது.

"யாரும்மா நீங்க? இது தடை செய்யப்பட்ட எடம்," என்றார் தளபதி.

"ஏரிதானேங்க இது," என்றார் அக்கா. "எங்க ஆபீஸ்ல விலாசம் தெரியாத கடுதாசியைப் போடறதுக்குக்கூட ஒரு பெட்டி இருக்கு. உங்ககிட்ட அதுகூட இல்லாமப் போச்சா?"

அப்போது பதிவேட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். மணி நாலு நாற்பது. பதிவேட்டைத் திறந்து வைக்க இடம் தேடினார். நாலாபக்கமும் சேறு. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நீட்டிக்கொண்டிருந்த இறக்கையைக் கைக்குட்டையால் துடைத்து, அதன்மேல் பதிவேட்டை விரித்து வைத்தார். பேனாவின் மூடியைத் திருகி எடுத்து மெக்கானிக்கிடம் நீட்டினார்.

"வழக்கம்போல எழுதிடுங்க. வரவில்லைன்னு."

மெக்கானிக் பேனாவை வாங்கினார். பதிவேடு ஏழு-நான்கின் இறக்கைமேல் கிடந்தது. பக்கத்துக்குக் கீழே இறக்கையின் சூடு கையில் உறைத்தது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கொண்டுவந்த கட்டைகளை எடுத்துப் போனார். சேற்றில் பாதி புதைந்த சக்கரத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வைத்தார். காலால் தட்டி அழுத்தினார். திரும்பி வந்து எழுதினார்.

'வந்தது. பூட்டுக்கம்பி சரியாக உள்ளது. பெற்றுக்கொண்டேன்.'

தேதி போட்டு, இடது கையால் கையெழுத்துப் போட்டார்.

பதிவேட்டுக்காரர் படித்தார். "ஐயா, வந்துடுச்சுன்னு எழுதிட்டார்."

"கிழி அந்தப் பக்கத்தை," என்றார் தளபதி.

"பக்கத்துக்கு நம்பர் இருக்கு ஐயா."

"அடிச்சு எழுது."

"நான் அடிச்சு எழுதினதே இல்லீங்க," என்றார் பதிவேட்டுக்காரர், அழமாட்டாத குறையாக.

தளபதி யோசித்தார். நானூறு பேருக்குத் தலைவராக ஒருவரைச் சும்மா போட்டுவிடுவதில்லை. "சரி. நாலு நாப்பதுக்கு எறங்கிச்சு. இருக்கட்டும். நாலு நாப்பத்தொண்ணுக்கு மறுபடியும் கெளம்பிடுச்சுன்னு எழுது. பறந்துக்கிட்டே இருக்கும், கணக்கும் கெடாது. யாராவது ஒருத்தர் அனுப்பியவர்னு கையெழுத்துப் போடுங்க. பீச்சாங்கை, நீங்களே..."

"என்னால ஆகாதுங்க. நான் வாங்கியாச்சு. ஓய்வு பெத்தாச்சு."

தளபதி பேனாவை முதல் அதிகாரியிடம் நீட்டினார். முதல் அதிகாரிக்கு விதி பதினொன்று ஞாபகம் வந்தது. அனுப்பியவரே பெற்றுக்கொள்ள வேண்டும். ஓடுதளத்தின் ஓரம், இரண்டு கட்டை, சாகும்வரை நாலு நாற்பது. அவர் ஓரடி பின்னால் வைத்தார். இரண்டாவது அதிகாரிக்கு மனைவி ஞாபகம் வந்தது. மூன்றாமவருக்கு மகன் இருந்தான், வாரிசு. நான்காமவர் ஏற்கெனவே ஜீப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். தளபதி பதிவேட்டுக்காரரைப் பார்த்தார். பதிவேட்டுக்காரர், தன் வேலை பதிவது மட்டுமே என்றார். கடைசியில் பேனா தளபதியின் கையிலேயே நின்றது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூடியைக் கேட்டு வாங்கி, திருகி மூடி, சட்டைப் பையில் குத்திக்கொண்டார்.

அக்கா இதற்குள் இறக்கைமேல் ஏறிவிட்டிருந்தார். விமானி அறையின் கண்ணாடியில் கையகலத்துக்குச் சேற்றைத் துடைத்து உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அழவில்லை. திரும்பி, பள்ளிக்கூட வாசலில் நிற்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார்.

"இவனை நான் கூட்டிக்கிட்டுப் போலாமா?"

விமானியை யார் இறக்குவது என்பதற்கு விதி இல்லை.

"நான் எறக்கறேம்மா," என்றார் மெக்கானிக். "நான்தானே ஏத்தி அனுப்பினேன்."

அவர் கண்ணாடியின் கொண்டியை நெம்பிக்கொண்டிருக்கும்போது ஜீப்பிலிருந்த வானொலிப் பெட்டி கரகரத்தது. கோபுரத்துக்காரருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. மணி நாலு ஐம்பது. அன்றைய மூன்றாவது, கடைசி அழைப்பு.

"ஏழு-நான்கு, ஏழு-நான்கு, தரையிறங்க அனுமதி."

குழுவில் யாரும் நகரவில்லை. அக்கா இறக்கையிலிருந்து இறங்கினார். சேற்றில் கால் புதையப் புதைய ஜீப்புக்கு நடந்தார். ஒலிவாங்கியை எடுத்து, எங்கே அழுத்துவது என்று தேடி அழுத்தினார்.

"நான் அவனோட அக்கா பேசறேன். அவன் எறங்கிட்டான். இனிமே கூப்பிடாதீங்க."

பெட்டி வெறுமனே இரைந்தது. பதினொரு வருடமாகக் கூப்பிட்ட அந்த மனிதரிடம், பதில் வந்தால் சொல்வதற்கு மேலிடம் ஒரு வாசகம்கூட எழுதிக் கொடுத்திருக்கவில்லை. "சரிங்கம்மா," என்றார் அவர். பக்கங்களைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "டீ சொல்லட்டுமான்னு கேக்கணும்னு இங்க எழுதியிருக்கும்மா. முதல்ல இருந்தவர் பழைய புத்தகத்துல ஓரமா பென்சில்ல எழுதி வெச்சிருக்கார். அவன் வந்தா டீ சொல்லணுமாம்."

விமானி அறைக்குள் மெக்கானிக்கின் இடது கை, பெல்ட்டின் கொக்கியை அவிழ்த்துக்கொண்டிருந்தது. அது அப்படியே நின்றது. நின்று, பிறகு மெதுவாக அவிழ்த்தது.